மனம் திரும்பினால் போதுமா?

தவறு செய்யாத மனிதர் உலகில் இல்லை என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அவ்வாறு சொல்லும்போது நெஞ்சுக்கு ஓர் இதம் உண்டாகிறது. நாம் செய்த தவற்றை உலகத்து மாந்தர் அனைவருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் நம் பங்குக்கு எஞ்சுவது மிகச் சிறிது என்ற எண்ணம் தரும் இதம் அது. அந்த இதத்தில் 28 ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். அந்த ஆண்டுகளைப் பற்றியும், அவற்றுக்குப் பின் வந்த ஆண்டுகளைப் பற்றியும் இங்கே எழுதத் துணிகிறேன்.

நான் கிறிஸ்தவன். தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் லுத்தரன் சபையில், ஆயர் வர இயலாத ஞாயிறுகளில் அருளுரை ஆற்றும் பொறுப்பும் எனக்கு இருந்தது. ஆகவே 'மனந்திரும்புதல்' என்பது என் நாவுக்கு நன்கு பழகிய சொல். பழகிய சொல்லுக்கு ஓர் ஆபத்து உண்டு. நாக்கு அதனை எளிதாகச் சொல்லிவிடுவதால் நெஞ்சு அதனைக் கேட்பதை விட்டுவிடுகிறது.

தமிழ் கற்பிக்கும் நாம் சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பதில் விருப்பம் உடையவர்கள். கழிந்த ஒன்றை எண்ணி வருந்துவதைக் கழிவிரக்கம் என்கிறோம். செய்த தீமையின் பயனைப் போக்கிக்கொள்ளச் செய்யும் செயலுக்குக் கழுவாய் என்பது பழைய பெயர். கொடிய தீமைகளுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்வில்லை என்று ஆலத்தூர் கிழார் புறநானூற்றின் 34ஆம் பாட்டில் கூறுவதை நாம் மாணவர்க்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். தமிழ் விவிலியமோ மனந்திரும்புதல் என்னும் சொல்லை வழங்குகிறது. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இதற்குரிய சொல் மெத்தனோயா. மனம் மாறுதல் என்பது அதன் பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் ஷூவ் என்னும் வினைச்சொல் வருகிறது. வழி தவறிப் போனவன் நின்று, திரும்பி நடத்தலைக் குறிப்பது அது. கிரேக்கச் சொல்லில் உள்ள மனமும் எபிரேயச் சொல்லில் உள்ள திரும்புதலும் தமிழில் ஒரே சொல்லாகக் கூடி நிற்பதை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு; அருளுரைகளில் அதனை எடுத்துக்கூறிப் பாராட்டும் பெற்றதுண்டு. மனம் திரும்பிய பின்னும் என் கால் திரும்பவில்லை என்பது மட்டும் எனக்குப் புலப்படவில்லை.

1977ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் ஒரு பால்மரத் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பாசிரியனாக இருந்தேன். தோட்டம் நகரத்திலிருந்து 16 கட்டைத் தொலைவில் இருந்தது. ஆறாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் நகரத்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் படிக்க வேண்டும். பேருந்துக் கட்டணத்தையும் சீருடைச் செலவையும் எண்ணிப் பார்த்தே பெற்றோர் பலர் பிள்ளைகளை வெட்டுக்காட்டுக்கு அழைத்துக்கொண்டனர். அத்தகைய பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க உதவும் ஓர் உதவிநிதி நகரத்தில் இருந்தது. விண்ணப்பப் பாரத்தை ஆசிரியர் எழுதி, பெற்றோரின் கையொப்பம் பெற்று, அக்டோபர் 31ஆம் நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கணக்கிலும் தமிழிலும் அவளை விஞ்சியவர் இல்லை. தந்தை இல்லாத பிள்ளை. தாய் பால்மரம் வெட்டி அவளையும் ஒரு தம்பியையும் வளர்த்து வந்தார். ஒருநாள் நண்பகலில், பால் நிறுத்துவிட்டு வந்த கோலத்திலேயே அந்தத் தாய் பள்ளிக்கு வந்தார். நான் எழுதிய பாரத்தில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. அவருடைய பெருவிரலை நானே பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினேன். விரலில் பால் காய்ந்து தோல்போல் ஒட்டியிருந்ததால் ரேகை தெளிவாக விழவில்லை. ஓரத்தில் மை சற்றே படர்ந்துவிட்டது. அவர் கலங்கிப்போய், "வேற தாள்ல வைக்கட்டுங்களா, வாத்தியாரய்யா?" என்று கேட்டார். "பரவாயில்லையம்மா, இது போதும்" என்று கூறி அனுப்பினேன்.

பாரத்தை வருகைப் பதிவேட்டின் நடுவே வைத்து மேசை இழுப்பறையில் போட்டேன். அந்த மாத இறுதியில் எங்கள் சபையில் சீர்திருத்தத் திருநாள் வந்தது. 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மார்ட்டின் லுத்தர் தம்முடைய 95 கருத்துரைகளை வெளியிட்டதை நினைவுகூரும் நாள் அது. இளைஞர் நடிக்கும் நாடகத்தை எழுதும் பணியும் பயிற்றும் பணியும் என்னிடம் இருந்தன. பள்ளி முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் நகரத்துக்கு விரைவேன்; இரவில்தான் திரும்புவேன். நாடகம் நன்றாக அமைந்தது. பலர் கைகுலுக்கினர். மறுநாள் திங்கட்கிழமை, அக்டோபர் 31. அந்த நாள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

லுத்தர் வெளியிட்ட அந்த 95 கருத்துரைகளில் முதலாவது எதைப் பற்றியது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நாணமாக இருக்கிறது. விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அதனை நாடகத்தில் ஓர் இளைஞன் உரத்த குரலில் பேசும்படி எழுதியவன் நான். அவன் பேசிய நேரத்தில் அந்தப் பாரம் என் இழுப்பறையில் கிடந்தது.

பள்ளி விடுமுறைக்கு முன்னும் பின்னுமாக அந்தத் தாய் இருமுறை வந்து கேட்டார். "இன்னும் பதில் வரவில்லை" என்றேன். அனுப்பிவிட்டதாகவே அப்போது உண்மையில் எண்ணியிருந்தேன். 1978 சனவரியில் பழைய பதிவேட்டை எடுத்தபோது பாரம் மடியில் விழுந்தது. படர்ந்த மையோடு அந்தப் பெருவிரல் என்னை நோக்கி நின்றது. அன்று மாலையே நகரத்துக்குச் சென்று, தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஏற்றிருப்பார்களோ, மறுத்திருப்பார்களோ, ஆனால் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. தலைமையாசிரியர் அறிவார், சபையார் அறிவார், நல்லாசிரியன் என்ற பெயருக்கு இழுக்கு வரும் என்று அஞ்சினேன். பழைய தேர்வுத்தாள்களோடு சேர்த்து அந்தப் பாரத்தைப் பள்ளியின் பின்புறத்துக் குப்பைக் குழியில் எரித்தேன். மூன்றாம் முறை தாய் வந்தபோது, "அவர்கள் இல்லையென்று சொல்லிவிட்டார்களம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சில நாட்களில் அந்த மாணவி தாயின் பின்னே ஒட்டுப்பால் எடுக்கப் போவதைப் பள்ளியின் சன்னல் வழியாகக் கண்டேன். அவளுக்கு அப்போது வயது 13.

நான் வருந்தாமல் இருந்தேன் என்று யாரும் எண்ண வேண்டா. மிகவும் வருந்தினேன். இரவில் முழந்தாளிட்டு அழுதேன். எங்கள் வழிபாட்டின் தொடக்கத்தில் பாவ அறிக்கை உண்டு. செய்த பாவங்களோடு, செய்யவேண்டியவற்றைச் செய்யாமல் விட்ட பாவங்களையும் அறிக்கையிடுவோம். அந்த இடம் வரும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். ஆண்டுக்கு 52 ஞாயிறு என்று கொண்டால் 28 ஆண்டுகளில் 1,456 முறை அறிக்கையிட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் ஆயர் மன்னிப்பை அறிவித்தார். நான் இலேசான நெஞ்சோடு வீடு திரும்பினேன். கடவுளுடைய மன்னிப்பில் குறை இருந்ததாக நான் கூறவில்லை. அதனை நான் பயன்படுத்திய விதத்தில்தான் குறை இருந்தது. தாயிடமும் மகளிடமும் சொல்லவேண்டியதைக் கடவுளிடம் மட்டும் சொல்லி, அவர்களிடம் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன். அவர்கள் என் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். என் சமயத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். என் கண்ணீரின் ஒரு துளியைக்கூட அவர்கள் கண்டதில்லை.

2006ஆம் ஆண்டு லெந்து காலத்தில் ஒரு ஞாயிறன்று சகேயுவைப் பற்றி நான் அருளுரை ஆற்ற வேண்டியிருந்தது. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் வரலாறு அது. சகேயு எரிகோ நகரத்தில் வரி வசூலிப்போருக்குத் தலைவன்; செல்வன்; உருவத்தில் குள்ளன். இயேசுவைக் காண விரும்பிக் காட்டத்தி மரத்தில் ஏறினான். இயேசு அவனை இறங்கிவரச் சொல்லி அவன் வீட்டுக்கே விருந்தினராகச் சென்றார். அவன் தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினான். மோசேயின் சட்டத்தில், ஏமாற்றிப் பெற்றதைத் தானே ஒப்புக்கொண்டு திருப்பித் தருபவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமத்தின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. நான்கு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் விதித்த தண்டம். சகேயு எளிய கணக்கை விட்டுக் கடிய கணக்கைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டான் என்று விளக்கிப் பேசினேன். பேச்சு நன்றாக இருந்ததாகப் பலரும் கூறினர்.

வழிபாடு முடிந்து தேநீர் அருந்தும்போது, ஞாயிறு பள்ளியில் படிக்கும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "அங்கிள், சகேயு ஏமாத்தினவங்க நிறைய பேரு இருப்பாங்கதானே? அவங்க பேரெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டான். "வரி வாங்குகிறவர் அல்லவா? கணக்குப் புத்தகத்தில் பெயர்கள் இருந்திருக்கும்" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவன் விளையாட ஓடினான்.

எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. என் கணக்குப் புத்தகத்தில் பல பெயர்கள் இல்லை, ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெயரை முப்பது ஆண்டுகளாக நான் மறக்கவும் இல்லை, தேடவும் இல்லை.

அன்றிரவு முதன்முதலாக என் மனைவியிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போய்ப் பாத்துட்டு வாங்க. காசு கொண்டு போகாதீங்க. காசு குடுத்தா அவங்க வாயை நீங்களே அடைச்ச மாதிரி ஆயிடும்" என்றார். அவர் இறையியல் கற்றவர் அல்லர். நான் கற்ற இறையியலில் அந்தச் சொல் இல்லை.

தேடுவது எளிதாக இல்லை. அந்தத் தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டனர். பின்பு அதில் ஒரு பகுதியில் வீடமைப்புப் பகுதி எழுந்தது. லயங்களில் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்துபோயினர். லாரி ஓட்டும் பழைய மாணவர் ஒருவரைக் கேட்டுக் கேட்டு, மூன்று வாரங்களில் இடத்தை அறிந்தேன். அந்த மாணவி நகரத்தின் ஓரத்தில் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில், நான்காம் மாடியில் இருந்தார். ஒரு தொழிற்சாலையின் சிற்றுண்டிச்சாலையில் வேலை. தாய் 1999இல் காலமாகிவிட்டார்.

முதல் முறை போனபோது இரண்டாம் மாடி வரை ஏறிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தவறு செய்தபோது விரைந்து நடந்த கால்கள், அதனை ஒப்புக்கொள்ளப் போகும்போது எவ்வளவு கனக்கின்றன! மறுவாரம் மீண்டும் போனேன்.

கதவைத் திறந்ததும் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "சார்!" என்று வியந்து, நாற்காலியைத் துண்டால் துடைத்து உட்காரச் சொன்னார். "பசியாறிட்டீங்களா சார்?" என்று கேட்டார். அந்த அன்பு என்னை மேலும் தாழ்த்தியது. வகுப்பில் 'நீ' என்று அழைத்த பிள்ளையை அன்று 'நீங்கள்' என்றே அழைத்தேன். அமராமலேயே அனைத்தையும் கூறினேன். மறந்ததைக் கூறினேன், எரித்ததைக் கூறினேன், பொய்யைக் கூறினேன். வேலை மிகுதியாக இருந்தது என்று ஒரு சொல் நாவின் நுனிவரை வந்தது. அதனை விழுங்கிவிட்டேன்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கூறினார்: "அம்மா சாகிற வரைக்கும், தன்னோட கைநாட்டு சரியா விழலை, அதனாலதான் தள்ளிட்டாங்கன்னு நினைச்சிட்டிருந்தாங்க சார். என்கிட்ட எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டிருக்காங்க. தம்பி ஆறாவது போனப்ப, மறுபடியும் அப்படி ஆயிடக்கூடாதுன்னு ராத்திரியில அவன் சிலேட்டை வச்சுப் பேரெழுதப் பழகினாங்க. பழகி, கையெழுத்துப் போட்டாங்க."

நான் கொண்டுபோயிருந்த சொற்கள் யாவும் அந்த இடத்தில் தீர்ந்துபோயின. ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்தேன் என்றுதான் அதுவரை என் பாவத்துக்குக் கணக்கு வைத்திருந்தேன். செய்யாத குற்றத்தை ஒரு தாய் 21 ஆண்டுகள் சுமந்தார் என்பதும், சுமக்கவைத்தது என் பொய் என்பதும் என் கணக்கில் இல்லவே இல்லை. நமக்குள்ளேயே வருந்திக்கொண்டிருக்கும்வரை நம் பாவத்தின் முழு அளவு நமக்குத் தெரிவதில்லை. அதன் அளவு பாதிக்கப்பட்டவரின் வீட்டில் இருக்கிறது. அங்கே போனால்தான் தெரியும்.

அவர் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை சார். நீங்க போயிட்டு வாங்க" என்றார். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அந்தத் தாய் முன்னொருநாள் என்னைக் கும்பிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

வீடு திரும்பிய பின் எனக்கு ஓர் ஏமாற்றம் இருந்ததை மறைக்கமாட்டேன். இவ்வளவு துணிந்து சென்றும் மன்னிப்புக் கிடைக்கவில்லையே என்று உள்ளம் குறைபட்டது. அப்போதுதான் விளங்கிற்று: அவரிடமிருந்து படிப்பை எடுத்துக்கொண்டவன், இப்போது என் அமைதிக்காக மன்னிப்பையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். மன்னிப்பு அவருடைய உடைமை. கொடுப்பதும் கொடாமல் இருப்பதும் அவர் உரிமை. உண்மையைத் திருப்பிக் கொடுப்பதே என் கடமை.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவற்றை உணர்ந்த அக்கணமே வீழ்ந்து உயிர்விட்டதை நாம் வகுப்பில் உருக்கத்தோடு நடத்துகிறோம். அவன் பெருமையை நான் குறைக்கமாட்டேன். ஆயினும் அவன் மாண்டபின் கோவலன் மீளவில்லை, மதுரையும் எரிந்தது. விவிலியத்திலும் அவ்வாறு ஒருவன் உண்டு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், முப்பது வெள்ளிக்காசைக் கோவிலில் எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டான். அதே இரவில் மும்முறை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் அவன் உயிரோடு இருந்தான். தன்னை அறிந்த தோழர் முகத்தில் மீண்டும் விழித்தான். கொடுக்கப்பட்ட பணியைச் செய்தான். குற்றத்தை உணர்ந்த கணத்தில் மடிவது ஒருவகை. உணர்ந்தபின் மறுநாள் எழுந்து, பல்துலக்கி, அன்றைய கடமையைச் செய்யப் போவது வேறொரு வகை. கிறிஸ்தவ வாழ்வு நம்மை அழைப்பது இந்த இரண்டாம் வகைக்கு.

மூன்று மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அவர் அழைத்தார். பக்கத்து வீட்டில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்படவில்லை; பிள்ளை பிறந்தபோது குறித்த காலத்தில் பதியவும் இல்லை. அதனால் பள்ளியில் சேர்ப்பது தடைப்பட்டு நிற்கிறது. "உங்களுக்குப் பாரம் எழுதத் தெரியும்தானே சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் முள் இருந்ததா, வேண்டுகோள் இருந்ததா என்று நான் ஆராயவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம், இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு. அன்று மாலையே போனேன்.

காலங்கடந்த பிறப்புப் பதிவு ஒரே நாளில் முடியும் காரியமன்று. பெற்றோரின் அடையாள அட்டை, பிள்ளை பிறந்த இடத்திலிருந்து உறுதிக் கடிதம், சத்தியப் பிரமாணம், சாட்சிகள் என்று ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டும். பதிவு இலாகாவுக்குப் பலமுறை நடக்க வேண்டும். அந்தப் பெற்றோர் கூலிவேலை செய்பவர்கள். ஒருநாள் நடந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும். ஓய்வூதியம் பெறும் எனக்கு அந்த இழப்பு இல்லை. ஓராண்டுக்குமேல் அலைந்தோம். பத்திரம் கிடைத்த அன்று பையனின் தாய் அதனை இரு கைகளாலும் வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சாமி படத்தின்முன் வைத்தார்.

அது முதல், சனிக்கிழமை காலை 9 மணிமுதல் 12 மணிவரை அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு மேசையைப் போட்டு அமர்கிறேன். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, பள்ளி உதவி, முதியோர் உதவி என்று எந்தப் பாரம் வந்தாலும் எழுதித் தருகிறேன். என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பாரம் வாங்கிய நாள், கொடுத்த நாள், அலுவலகம் தந்த இரசீது எண் ஆகியவற்றை உரியவர் கண்ணெதிரே எழுதுகிறேன். எந்தப் பாரமும் என் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கக்கூடாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட சட்டம். கைநாட்டு வைப்பவர் எவராயினும், முதலில் ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிடுகிறேன்.

இதனைக் கேட்டுச் சபையில் சிலர், "பாவம் மன்னிக்கப்பட்டாயிற்றே, இன்னும் ஏன் அதையே சுமக்கிறீர்கள்? செயலால் மீட்பு உண்டா?" என்று வினவினர். நேர்மையான வினா அது. அவர்களுக்கு நான் கூறிய விடை இதுதான். சகேயு திருப்பிக் கொடுத்ததால் இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்ததால் அவன் திருப்பிக் கொடுத்தான். மன்னிப்பைச் சம்பாதிக்க நான் அந்த மேசையில் அமரவில்லை. மன்னிக்கப்பட்டவனுக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை. ஆகையால் அமர முடிகிறது. மேலும், எத்தனை பாரம் எழுதினாலும் அந்த ஒரு பாரம் திரும்ப வாராது. நாத்தான் தீர்க்கதரிசியின் முன் தாவீது அரசன் தன் பாவத்தை ஒப்புக்கொண்டபோது மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் கொலையுண்ட உரியா எழுந்து வரவில்லை. ஈடுசெய்ய இயலாதது ஒன்று எப்போதும் எஞ்சும். அந்த எச்சம் நம்மைப் பணிவாக வைத்திருக்கிறது.

யோவான் ஸ்நானன் யோர்தான் ஆற்றங்கரையில் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசியபோது மக்கள், "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டதாக லூக்கா எழுதுகிறார். அவர் எவரையும் வனத்துக்கு வரச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவனிடம் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கச் சொன்னார். வரி வாங்குவோரிடம் குறித்ததற்குமேல் வாங்காதீர் என்றார். போர்ச்சேவகரிடம் யாரையும் மிரட்டிப் பறிக்காமல் தங்கள் சம்பளத்தோடு நிறைவு கொள்ளச் சொன்னார். அவரவர் தொழிலிலேயே அவரவர் திரும்பவேண்டிய இடத்தைக் காட்டினார். அந்தக் கரையில் ஓர் ஆசிரியன் நின்று கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? படிக்காமல் தாளைத் திருத்தாதே. உன் வீட்டுச் சினத்தை வகுப்பறையில் காட்டாதே. பிள்ளையிடம் தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாள் அதே வகுப்பில் அதே பிள்ளையின்முன் திருத்திக்கொள். வாங்கிய பாரத்தை அன்றே அனுப்பு என்றே கூறியிருப்பார் என்று நினைக்கிறேன். இவை சிறியவை. அன்றாட வாழ்வில் மனந்திரும்புதலுக்கு வேறு பெரிய வடிவம் உண்டா என்பது எனக்கு ஐயமே.

வள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தில், பின்னால் வருந்தும்படியான செயலைச் செய்யாதிருக்க வேண்டும் என்கிறார்; செய்துவிட்டாலும் மீண்டும் அத்தகையதைச் செய்யாதிருத்தல் நன்று என்கிறார். குறளைக் கற்பிக்கும் நாம் முதற்பகுதியை வற்புறுத்துகிறோம். இரண்டாம் பகுதியே நம்மில் பெரும்பாலோருக்கு உரியது. ஏனெனில் நம்மில் பலர் ஏற்கெனவே செய்துவிட்டவர்கள்.

பழைய குணம் என்னை விட்டு முற்றும் போய்விடவில்லை. மழைபெய்யும் சனிக்கிழமைகளில் இன்று போகவேண்டுமா என்று ஒரு குரல் கேட்கும். என்னைப் பாராட்டிப் பேசுவோர் முன்னிலையில், கதையின் முற்பகுதியை விட்டுப் பிற்பகுதியை மட்டும் கூற நா துடிக்கும். இரண்டையும் ஒவ்வொரு முறையும் வெல்ல வேண்டியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் என்று லுத்தர் எழுதியதன் பொருள் இப்போது சிறிது விளங்குகிறது.

இதனை எழுதலாமா என்று அந்தப் பழைய மாணவியிடம் கேட்டேன். மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து, வரிசையில் நிற்பவர்களின் பெயர்களை எனக்காக எழுதித் தருபவர் அவர்தான். சில ஆண்டுகளாக இந்த வழக்கம். சற்று எண்ணிப் பார்த்து, "எழுதுங்க சார். அம்மா பேரைப் போடாதீங்க. ஆனா அம்மா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்கன்னு கண்டிப்பா எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். மன்னித்தீர்களா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை, அவரும் கூறியதில்லை. பத்தரை மணிக்கு எனக்கும் ஒரு குவளைத் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார்.

ஆசிரிய நண்பர்களே, ஆசிரியராகப் போகும் மாணவர்களே! நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் ஆகுக. நாளைக் காலை பள்ளிக்குச் சென்றதும் உங்கள் மேசையின் இழுப்பறையைத் திறந்து, பதிவேட்டின் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். ஏதேனும் ஒரு பாரம் அங்கே கிடந்தால், அழுவதற்கு முன் அதனை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.